வானம் தராத புள்ளி

கரிச்சட்டியின் வரைபடத்தில் பதினொரு புள்ளிகள் இருக்கின்றன. பத்தை வானம் தந்தது. ஆறாவதை நான் வைத்தேன்.

இதை நாலு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் ஒரு கடிதம் வந்தது. அது வந்திருக்காவிட்டால் இன்னும் முப்பது வருடம் சொல்லாமலே இருந்து, நல்ல பெயரோடு செத்துப்போயிருப்பேன். என்னைப் பற்றி எனக்கு அதற்கு மேல் உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது.

என் பெயர் பியூலா. சொந்த ஊர் நாகர்கோவில். கல்வராயன் மலைமேல் இருக்கும் ஒரு சின்ன வானாய்வகத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே வேலையைச் செய்கிறேன். சிறுகோள்களின் மேல் வெயில் பட்டுத் திரும்பி வருகிறதல்லவா, அந்த வெளிச்சம் எந்தத் திசையில் எவ்வளவு அதிர்கிறது என்று அளப்பேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தளவிளைவு என்று போட்டு, பரீட்சைக்கு வராது என்று வாத்தியார் தாண்டிப் போகும் பாடம் அது. நானும் அதை வைத்துப் பெரிய ஆளாகப் போகிறேன் என்று நினைத்து வந்தவள் அல்ல. வேலை கிடைத்தது, வந்தேன்.

கரிச்சட்டி என்பது நாங்கள் வைத்த செல்லப் பெயர். அதன் அசல் பெயர் எண்ணும் எழுத்துமாக நீளமாக இருக்கும். முந்நூறு மீட்டர் அகலம், சட்டியின் அடிப்பாகம்போல் கறுப்பு. சூரியக் குடும்பம் உண்டானபோது மிஞ்சிய ஆதிப் பொருள் அப்படியே அதில் இருக்கிறது, களிமண்ணுக்குள் தண்ணீரும் இருக்கிறது. அதில் ஆள் இறங்கி அந்தக் களிமண்ணை எடுத்து வருவதென்று ஒரு பெரிய கூட்டுத் திட்டம் போட்டார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் அக்டோபரில் அது பூமிக்குப் பக்கத்தில் வந்தது. பதினாலு மாதம் கழித்து இன்னொரு முறை வரும். அதை விட்டால் பதினோரு வருடம் கிடையாது. முன்னால் ஒரு ரோபோவை அனுப்பிப் பார்க்க நேரமில்லை. ஆகவே அக்டோபரில் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வதுதான் கடைசி வார்த்தை. உலகத்தில் மூன்று இடங்களில் அந்த வேலைக்கு ஏற்ற கருவி இருந்தது. ஒன்று புயலில் மாட்டிக்கொண்டது, ஒன்று பழுது. மிச்சம் நாங்கள்.

திட்ட இயக்குநர் கோவர்தனன் திரையில் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஆற அமரக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

“மேடம், எனக்குப் பாடம் வேண்டாம். கால் வைக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க.”

“மத்தியான வெயில்ல தார் ரோட்டுல வண்டி ஓட்டியிருக்கீங்களா? கண்ணு கூசும் இல்லையா? கறுப்புத் தரையில வெளிச்சம் ஒரு தடவை மோதி அப்படியே திரும்பிடும். அதனால பெரும்பாலும் ஒரே திசையில அதிரும். வெளுத்த தரையில உள்ளே போய் நாலு பக்கமும் மோதிட்டு வரும், எல்லாம் கலந்துடும். கூச்சத்தை வெட்டுற கறுப்புக் கண்ணாடி இருக்கே, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா இந்த வித்தியாசம் தெரியும். எங்க கருவியும் அதுதான் பண்ணுது.”

“அதுல சரளையா, தூசியான்னு எப்படித் தெரியும்?”

“சூரியன், சிறுகோள், நாம. இந்த மூணுக்கும் நடுவுல இருக்கிற கோணம் தினமும் மாறும். கோணம் ஏற ஏற நம்ம அளவும் ஏறும். தொண்ணூறு டிகிரி தாண்டி ஒரு உச்சிக்குப் போயிட்டு இறங்க ஆரம்பிக்கும். உச்சி உயரமா இருந்தா தரை சரளை, கால் வைக்கலாம். தட்டையா இருந்தா மாவு மாதிரித் தூசி. தூரத்துல இருக்கிற சிறுகோள்ல இந்த உச்சியைப் பார்க்கவே முடியாது. கிட்ட வர்றதுலதான் கோணம் அவ்வளவு பெரிசாகும்.”

“அப்ப உச்சியைப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் திரையிலிருந்து போய்விட்டார்.

இறங்கப் போகிற இரண்டு பேரில் ஒருத்தி தர்ஷினி. எங்கள் ஆய்வகத்தின் டெக்னீசியன் ஏகாம்பரத்தின் ஒரே மகள். தன் தாத்தா பெயரை வைத்துக்கொண்டு, தாத்தாவைப் போலவே அரைக்கை சட்டையும் பாக்கெட்டில் டெஸ்டருமாகத் திரிகிற மனிதர் அவர். தொலைநோக்கியின் டோமைத் திறப்பது, மூடுவது, கருவியைப் பூட்டுவது, கழற்றுவது எல்லாம் அவர் கை. தர்ஷினி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். பொறியியல் படித்து, விமானப்படையில் சேர்ந்து, மூன்று தேர்வில் தோற்று நாலாவதில் ஜெயித்துத்தான் அந்த இடத்துக்கு வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. நாற்பதுக்கு மேல் அனுப்ப மாட்டார்கள். இந்த முறை போகாவிட்டால் அவளுக்கு அடுத்த முறை என்பது இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபரில் தினமும் விடிவதற்கு முன்னால், கிழக்கே முக்கால் மணி நேரம் கரிச்சட்டி தெரிந்தது. ஐந்து நாள் ஐந்து புள்ளி. எண்பது டிகிரி வரை வந்துவிட்டோம். ஆறாவது விடியலில் கோணம் தொண்ணூற்றேழு. அன்றுதான் உச்சி. அதற்கு அடுத்த நாள் நூற்றுப் பதிமூன்றுக்குத் தாவிவிடும், அவ்வளவு வேகமாக அது எங்களைக் கடந்துகொண்டிருந்தது.

ஆறாவது விடியல் ஆயுத பூஜைக்கு மறுநாள்.

மூன்று நாள் முன்னதாகவே ஏகாம்பரம் வந்து கேட்டார். வருடா வருடம் ஸ்குரூ டிரைவர், ஸ்பானர், ஜெனரேட்டர், ஜீப் இவற்றுக்குத்தான் பூஜை. இந்த வருடம் வெளிச்சத்தின் அதிர்வை அளக்கிற போலரிமீட்டரையும் கழற்றிப் பூஜையில் வைக்கலாமா, பாப்பா போகிற இடத்துக்கு அதுதானே கண்ணு என்றார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. மறுபூஜைக்கு அவர் குறித்திருந்த நேரம் ஏழரை மணி. கரிச்சட்டி ஐந்தரைக்குள் மறைந்துவிடும்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தேதியைக் காட்டி இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அவரே பதறிப்போய் வேண்டாம் மேடம் என்று போயிருப்பார். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவள். பெற்ற மகளுக்காக ஒரு அப்பா வைக்கிற பூஜையை நான் தடுத்தால் அந்தப் பேச்சு கருவியோடு நிற்காது, கேன்டீன்வரை போய் வேறு உருவம் எடுக்கும் என்று பயந்தேன். மரியாதை என்று அப்போது அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தேன். பருவமழை மேகம் கடலூர் வரை வந்துவிட்டிருந்தது. எப்படியும் அன்று மேகமாகத்தான் இருக்கும், தாராளமாக வையுங்கள் என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

பூஜை நன்றாக நடந்தது. கருவிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பக்கத்தில் தர்ஷினியின் படம். ஏகாம்பரத்தின் மனைவி சுகந்தி செய்த சுண்டலை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பழக்கத்தில் நாலேகாலுக்கு விழிப்பு வந்து வெளியே போனேன். வானத்தில் மேகம் இல்லை. அந்த மாதத்திலேயே அவ்வளவு சுத்தமான வானத்தை நான் பார்க்கவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டி, நேர் செய்ய இரண்டரை மணி நேரம் வேண்டும். இருந்தது ஒரு மணி நேரம். ஏகாம்பரத்தை எழுப்பிப் பிரயோசனமில்லை என்று கணக்குப் போட்டுவிட்டு, சூரியன் வருகிறவரை கை கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். கரிச்சட்டியை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபூஜை முடிந்ததும் ஏகாம்பரம் சந்தனத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, கருவியை ஒரு திருகு பிசகாமல் பூட்டினார். அதற்கப்புறம் ஐந்து விடியல், ஐந்து புள்ளி. எல்லாம் இறங்குமுகம்.

பத்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவற்றின் வழியாக இரண்டு கோடு போட முடிந்தது. ஒன்று நடுவில் உயரமாக எழும்பி இறங்கியது. இன்னொன்று தட்டையாகப் போய் இறங்கியது. இரண்டும் பத்துப் புள்ளியோடும் பொருந்தின. முதல் கோடு சொன்னது சரளை. இரண்டாவது சொன்னது தூசி. நேர்மையான ஆள் இரண்டையும் அனுப்பி, தெரியவில்லை என்று எழுதியிருப்பார். தெரியவில்லை என்று எழுதினால் திட்டம் பதினோரு வருடம் தள்ளிப்போகும். தர்ஷினி வீட்டுக்குப் போவாள்.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கசக்கிறது, எல்லாத் தப்புக்கும் முன்னால் நிற்கிற வாக்கியம் இது. அதுவரை நான் அளந்த இந்த வகைக் கறுப்புக் கற்கள் ஒன்பது. ஒன்பதும் சரளை. பத்தாவது மட்டும் ஏன் மாறப் போகிறது? அந்த விடியலில் கருவி இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றே நம்பினேன். இருபது வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத என் வேலைக்கு முதல் தடவையாக ஒருவர் பதில் கேட்டுக் காத்திருந்தார். தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் உண்டு. தர்ஷினியும் உண்டு. எது எத்தனை பங்கு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

தொண்ணூற்றேழு டிகிரிக்கு நேரே நாற்பத்தெட்டு சதவீதம் என்று ஒரு புள்ளி வைத்தேன். அளவென்றால் பிழை எவ்வளவு என்று மேலும் கீழும் ஒரு சின்னக் கோடு போடுவது எங்கள் வழக்கம். அதையும் போட்டேன். பொய்க்குப் பிழைக்கோடு போட்ட ஆள் நான்.

கோவர்தனன் அன்றே நன்றி சொல்லி அனுப்பினார். சரளைக்கு ஏற்ற நங்கூரம் செய்தார்கள்.

பதினாலு மாதம் கழித்து அவர்கள் இறங்கியதை நாங்கள் கேன்டீனில் பெரிய திரையில் பார்த்தோம். ஏகாம்பரத்துக்கும் சுகந்திக்கும் முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தோம். கலம் தொட்டது. நங்கூரங்கள் பாய்ந்தன. தர்ஷினி கயிற்றோடு வெளியே வந்து, கையை ஆட்டி, தரையில் கால் வைத்தாள். கால் உள்ளே போனது. முழங்கால், அப்புறம் இடுப்பு. அவள் கூட இருந்தவர் பின்னால் சொன்னார், கோதுமை மாவுக்குள் இறங்குவதுபோல் இருந்தது என்று. கயிற்றை இழுத்தபோது நங்கூரம் கழன்று வந்தது, பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கலம் சாய்ந்தது. சாய்வைச் சரிசெய்ய எஞ்சின் தானாக எரிந்தது. அந்த வேகத்தில் கிளம்பிய தூசிக்குள் தர்ஷினி இருந்தாள். திரை முழுக்கக் கறுப்பானது. தூசி அடங்க இருபது நிமிடம் ஆனது. அவள் நின்றிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

சுகந்தி கத்தவில்லை. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று என்னைத்தான் திரும்பித் திரும்பிக் கேட்டார். அங்கே இருந்தவர்களில் படித்தவள் நான்.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கரிச்சட்டி சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விசாரணைக் குழு வந்தது. கேட்டதெல்லாம் கேட்டார்கள், கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. ஆயுத பூஜை என்ற வார்த்தையே அந்த அறையில் வரவில்லை. எதிர்பாராத தரைத்தன்மை என்று எழுதி முடித்தார்கள். ஏகாம்பரம் அந்த வருடமே ஓய்வு வாங்கிக்கொண்டு சின்னசேலத்துக்குப் போய்விட்டார். நான் அவரைப் பார்க்கப் போகவில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். எழுதியவர் ஓர் இளம் விஞ்ஞானி, கெட்டிக்காரர். அடுத்த ஏப்ரலில் வேறொரு சிறுகோளுக்கு நாலு பேர் போகிறார்கள். அதன் வரைபடத்தை இணைத்து, உங்கள் கரிச்சட்டி இல்லாவிட்டால் எங்களுக்கு இவ்வளவு நிச்சயம் வந்திருக்காது என்று நன்றி சொல்லியிருந்தார். மனிதர் கால் வைத்துப் பார்த்த ஒரே ஆதிச் சிறுகோள் கரிச்சட்டி. அதன் தரை தூசி என்று உலகத்துக்கே தெரியும். அதன் வரைபடத்தில் உச்சி உயரம். ஆகவே பழைய பாடம் தலைகீழ், உயர்ந்த உச்சி என்றால் தூசி, தட்டையென்றால் சரளை என்று என் பொய்யிலிருந்து எல்லோரும் பாடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். புதுச் சிறுகோளின் உச்சி நல்ல தட்டை. கால் வைக்கலாம் என்று அவர் எழுதியிருந்தார்.

ஆறாவது புள்ளியைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதை அனுப்பினால் தொலைக்காட்சி வரை போகும். மகளைக் கொன்றது யார் என்று ஏகாம்பரம் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, அதை நேரில் கேட்கிற உரிமையாவது அவருக்கு உண்டு என்று நினைத்தேன். இன்னொன்றும் மனதில் இருந்தது. தன் பூஜையால்தான் இப்படி ஆனதோ என்று அவர் குமைந்துகொண்டிருந்தால் அதையும் இறக்கி வைத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்தேன்.

சின்னசேலத்தில் வீட்டு முன்னறையிலேயே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். வாங்க மேடம் என்று எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுகந்தி டீ கொண்டுவந்து கொடுத்து, முடியெல்லாம் நரைச்சிடுச்சே மேடம் என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். சாப்பிட்டுத்தான் போகணும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். அவர் போனதும் ஆரம்பித்தேன்.

“ஏகாம்பரம், அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியக்காலம் நாம டோமைத் திறக்கல.”

“ஆமா மேடம். கருவி பூஜையில இருந்துச்சு.”

“ஆனா ரிப்போர்ட்ல அன்னைக்கு ஒரு அளவு இருக்கு.”

அவர் ஒரு திருகைக் கழற்றி மூடியில் போட்டார். “தெரியும் மேடம்,” என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

“ரிப்போர்ட்டு படத்தைக் கேன்டீன் போர்டுல ஒட்டியிருந்தாங்க இல்ல, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே தேதி போட்டிருந்துச்சு. நான் ஐ.டி.ஐ.தான் படிச்சேன். தேதி படிக்கத் தெரியாதா மேடம்?”

அவர் குத்திக் காட்டுகிற தொனியில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அப்படி உறைத்தது. அந்தப் பதினாலு மாதமும் அந்தப் படம் அவர் தினமும் சாப்பிடுகிற மேஜைக்கு எதிரே தொங்கியது. அவருக்கு அது புரியும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். நாலைந்து தடவை என் அறை வாசல்வரை வந்தாராம். பெரிய படிப்புப் படித்தவங்க, வேறு எங்கேயாவது எடுத்த அளவை வாங்கிப் போட்டிருப்பாங்க என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு திரும்பிவிட்டாராம். மாதக்கணக்கில் அதை மனதிலேயே வைத்திருந்திருக்கிறார். கிளம்ப இருபது நாள் இருக்கும்போது மகளிடம் போனில் சொன்னாராம்.

“தர்ஷினிகிட்டயா?”

“பாப்பா தேதியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. அப்புறம், வேற யார்கிட்டயாச்சும் சொன்னியாப்பான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். சொல்லாத, சொன்னா நிறுத்திடுவாங்கப்பான்னுச்சு. எனக்கு பயமா இருக்குது பாப்பான்னேன்.” அவர் அடுத்த திருகைக் கழற்றினார். “ஆன்ட்டி கண்ணை மூடிகிட்டு வச்சாலும் சரியாத்தான் இருக்கும்ப்பா, நீ நிம்மதியா தூங்குன்னுச்சு.”

நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார், வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருந்தேன். இதற்கு நான் தயாராக வரவில்லை. அவள் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறாள், புள்ளி பொய் என்று தெரிந்திருக்கிறது, என்னை நம்பிக் கால் வைத்திருக்கிறாள். அழுகை வந்தது. அடுக்களையில் கேட்டுவிடும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

“நான் ஒரு போன் பண்ணியிருந்தா நிறுத்தியிருப்பாங்க,” என்றார் ஏகாம்பரம். “பாப்பா இன்னைக்கு என் மேல கோவமா இருக்கும். இருந்துட்டுப் போவுது, உசுரோட இருக்குமே.”

பிறகு என் கைப்பையிலிருந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். அதை அனுப்பினால் விசாரணை மறுபடி வருமா, டோம் அன்று திறக்கவில்லை என்று தன்னைக் கேட்பார்களா, அது பேப்பரில் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

“சுகந்திக்கு எதுவும் தெரியாது மேடம். நீங்க வச்ச புள்ளின்னும் தெரியாது, எனக்குத் தெரியும்னும் தெரியாது. பாப்பா விதி அவ்ளோதான்னு இப்பத்தான் கொஞ்சம் சாப்பிடுது, தூங்குது. தெரிஞ்சே அனுப்பி வச்சேன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் எப்படி இருக்கிறது? இதை இப்படியே விட்டுடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.”

ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவரே வேண்டாம் என்று கும்பிடும்போது நான் யார் அதை மீற என்று, பையை மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போய்விட மனம் தயாராகிவிட்டது. அவர் கேட்டதற்குப் பணிந்து போவது மரியாதை என்றுகூடத் தோன்றியது. அந்த வார்த்தையை மனதில் கேட்டதும்தான் சுதாரித்தேன்.

புதிதாகப் போகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். என் புள்ளியை வைத்து அவர்கள் எப்படித் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

“எத்தினி பேரு?”

“நாலு பேர்.”

“பொண்ணுங்க இருக்குதா?”

“ரெண்டு.”

“எப்ப போறாங்க?”

“ஏப்ரல்ல.”

அவர் மிக்ஸியின் அடிமூடியைப் பூட்டினார். ஒவ்வொரு திருகாக, அவசரமில்லாமல், நாலு திருகு. பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்த்தார். ஓடியது. நிறுத்தினார்.

“அவங்க அப்பா அம்மா யாராச்சும் நம்ம டோம் மாதிரி இடத்துல வேலை செய்யறவங்களா மேடம்?”

“இல்லை.”

“அப்ப அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல,” என்றார்.

தெரு வழியாகப் பழ வண்டி போயிற்று. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். விரல்களுக்கு நடுவில் இருந்த கிரீஸையெல்லாம் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நீங்க ஒண்ணும் பேச வேணாம் மேடம், நான் சொல்லிக்கிறேன் என்றார்.

“சுகந்தி, அடுப்பை அணைச்சிட்டு இங்க வா.”

“குழம்பு கொதிக்குதுங்க. ரெண்டு நிமிஷம்.”

“இருக்கட்டும். வந்து உக்காரு.”

சுகந்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிற சந்தோஷம் முகத்தில் இருந்தது. கணவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்து, அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னங்க, பாப்பா பத்தியா?” என்று கேட்டார்.